அப்பாவின் விரலும் என் கழுத்து மருவும்

பள்ளி நூலகம்,
வெள்ளிக்கிழமை, முற்பகல்.

என் செல்லக் குட்டிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே என் உடம்புக்குக் குறையொன்றுமில்லை, அப்பாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும் இந்த மாதம் சொன்னபடி கேட்கின்றன. அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும் சௌக்கியமாக இருக்கிறீர்கள் என்று உன் குரலை வைத்து நம்பிக்கொண்டிருக்கிறேன், மூக்கடைப்பை மட்டும் என்னிடம் மறைக்க முடியாது, கஷாயம் வைத்துக் குடி. கையில் ஃபோனை வைத்துக்கொண்டு அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று கவரைப் பார்த்ததுமே உனக்குப் பகீரென்று இருந்திருக்கும். யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை, முதலில் உட்கார், குழந்தையைத் தூங்கப் போட்டுவிட்டுப் படி. ஃபோனில் சொல்ல முடியாத விஷயம் இது, ஏனென்றால் நான் பேசும்போதெல்லாம் அப்பா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறார். நாலு மாதமாக நான் ஏன் அரக்கப் பரக்கப் பேசிவிட்டு ஃபோனை வைக்கிறேன், அப்பாவிடம் கொடு என்றால் தூங்குகிறார், குளிக்கிறார் என்று ஏன் சாக்கு சொல்கிறேன் என்று போன வாரம் கோபித்துக்கொண்டாயே, அதற்குப் பதில்தான் இது. திரும்பி வந்த புத்தகங்களுக்கெல்லாம் முத்திரை குத்தி அடுக்கிவிட்டேன், பிள்ளைகள் பரீட்சையில் இருக்கிறார்கள், ஒரு மணி வரை என்னை யாரும் தேட மாட்டார்கள், வீட்டில் அப்பாவுக்குத் துணையாக மாடி வீட்டு அக்கா இருக்கிறாள்.

போன வாரம் நீ இன்னொன்றும் கேட்டாய். பிரசவத்துக்குப் பிறகு உன் கழுத்தில் மூன்று நாலு மரு வந்திருக்கிறது, நூல் கட்டி எடுக்கலாமா, இல்லை கம்ப்யூட்டரில் பார்த்து ஏதோ சொட்டு மருந்து வரவழைத்துத் தடவலாமா என்று. நான் மழுப்பிவிட்டு, மாப்பிள்ளைக்கு இருமல் விட்டதா என்று பேச்சை மாற்றினேன். இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது, அதனால் சேர்த்தே எழுதுகிறேன்.

என் வலது காதுக்குக் கீழே இருந்த மரு உனக்கு ஞாபகம் இருக்கும். நீ வயிற்றில் இருந்தபோது வந்தது. முதலில் குண்டூசித் தலை அளவு, பிறகு மிளகு அளவு, சின்னக் காம்போடு மெத்தென்று தொங்கிக்கொண்டு முப்பது வருஷத்துக்கு மேல் என்னோடேயே இருந்தது, வலி கிடையாது, அரிப்பு கிடையாது, நானும் அதைச் சீண்டினதில்லை. போன வருஷம் புதுத் தலைமை ஆசிரியை வந்து, எல்லோரும் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியே தீர வேண்டும் என்றார்கள். முப்பது வருஷமாக இதே அலமாரிகளுக்கு நடுவில் நிற்கிறவளை யாரென்று அட்டையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா, என்ன செய்வது, மேலிடத்து உத்தரவு. அந்த நாடா நாள் முழுக்க மருவில் உரசி உரசி, ஒரு நாள் கழற்றும்போது சிக்கி இழுத்து ரத்தம் வந்துவிட்டது. கழுத்துப் பக்கம் இருந்த கறையை வீடியோவில் பார்த்துவிட்டு நீ போட்ட ஆர்ப்பாட்டம் இருக்கிறதே! மூன்று நாள் தூங்கவில்லை, டெஸ்ட் எடுத்தே ஆக வேண்டும் என்று அழுதாய், மாப்பிள்ளையை விட்டும் சொல்ல வைத்தாய். நீ பயந்ததில் தப்பே இல்லை, குட்டி. இதை முதலில் எழுதிவிடுகிறேன், இனிமேல் எழுதப் போவதைப் படிக்கும்போது இந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொள்.

அந்தத் தோல் டாக்டர் சின்னப் பெண், உன் வயசுதான் இருக்கும், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, விளக்கு வைத்த பூதக்கண்ணாடியால் என் கழுத்தைப் பார்த்தாள். பொறுமையாக எல்லாம் சொன்னாள். மரு என்று நாம் எல்லாவற்றையும் ஒரே பெயரால் சொல்கிறோமாம், ஆனால் கிருமியால் வந்து, சொரசொரவென்று தடித்து, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவுவது வேறு. எனக்கிருந்தது காம்போடு தொங்கும் மெத்தென்ற சதை, அது பரவாது, விஷமாகவும் மாறாது, தோலும் தோலும் உரசுகிற இடத்தில், கழுத்து, அக்குள், தொடை இடுக்கு என்று வருமாம். பிள்ளை உண்டாகும்போது வரும், உடம்பு பெருத்தால் வரும், சர்க்கரை ஏறப் போகிறவர்களுக்கும் நிறைய வருமாம். ஒன்றை எடுத்தால் பத்து முளைக்கும் என்று மாடி வீட்டு அக்கா சொன்னாளே என்று கேட்டேன், சிரித்துவிட்டு, வருகிற உடம்புக்கு வரும், எடுத்ததால் வராது என்றாள். ரத்தம் வந்தது நாடாவால்தான், ஆனாலும் நிறம் மாறினால், திடீரென்று பெருத்தால், தானாக ரத்தம் கசிந்தால் யாராக இருந்தாலும் காட்ட வேண்டும் என்றாள். மரத்துப்போக ஓர் ஊசி, பிறகு கரண்ட் வைத்த ஊசியால் ஒரு தொடு, கருகின மயிர் வாசம் லேசாக வந்தது, அவ்வளவுதான். நீ சொன்னதற்காக அந்தத் துணுக்கைச் சோதனைக்கும் அனுப்பினாள், ஒன்றுமில்லை என்று எழுத்தில் வந்துவிட்டது, அந்தத் தாளைத்தான் உனக்குப் படம் பிடித்து அனுப்பினேன். நீயும் அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன் என்றாய்.

உனக்குச் சொல்லாதது இனிமேல்தான். அப்பாவுக்குக் கண் போய் மூன்று வருஷம், ஞாபகம் தடுமாற ஆரம்பித்து இரண்டு வருஷம், அது உனக்குத் தெரியும். ஆனால் கூடவே இல்லாததால் ஒன்று உனக்குத் தெரியாது. அவர் என்னை என் குரலை வைத்துக் கண்டுபிடிப்பது எப்போதோ நின்றுவிட்டது. நான் பேசினால் ரேடியோவா என்பார், டிவியா என்பார். யாரு என்று மிரண்டுபோய்க் கேட்பார். நான் பதில் சொல்ல மாட்டேன், குனிந்து கழுத்தைக் காட்டுவேன். அவர் கை தானாகக் காதுக்குக் கீழே வந்து, துணிக்கடையில் முப்பத்திரண்டு வருஷம் துணியைப் பிடித்துப் பார்த்த மாதிரி, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அந்த மருவை வைத்து ஒரு உருட்டு உருட்டும். ஓ, நீதானா என்பார். அதோடு முகம் இளகிவிடும், சாப்பிடுவார், குளிப்பார், சொன்னதைக் கேட்பார். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை நடக்கும். அது என்னவோ அவருடைய கிறுக்கு என்று நான் நினைத்தேனே தவிர, அவருக்கு நான் என்று மிச்சமிருந்ததே அது ஒன்றுதான் என்று எனக்கு உறைக்கவில்லை. டாக்டர் என்னென்னவோ கேட்டாள், வலிக்கிறதா, எத்தனை வருஷமாக இருக்கிறது, வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது என்று. இதை யார் தொடுவார்கள் என்று அவள் கேட்கவில்லை, கேட்க அவளுக்கு எப்படித் தோன்றும், எனக்கே தோன்றவில்லையே.

சொல்லாமல் போகவும் இல்லை. அன்று காலையில் அவருக்குச் சட்டை மாட்டிவிடும்போது, டாக்டரிடம் போய் இந்த மருவை எடுத்துவிட்டு வருகிறேன், மாடி வீட்டு அக்கா துணைக்கு இருப்பாள் என்றேன். அவர் அதைப் பிடித்தபடியே, எதுக்கு, அது பாட்டுக்கு இருக்கட்டுமே என்றார். ஆமாம், இருந்து என்ன வருமானம் கொண்டுவருகிறதாம் என்று சிரித்துக்கொண்டே போனேன். பன்னிரண்டு மணிக்குக் கழுத்தில் பிளாஸ்திரியோடு வந்து குனிந்தேன். விரல் வந்தது, தேடியது, பிளாஸ்திரியைத் தடவியது, பின்னுக்கு இழுத்துக்கொண்டது. யாரும்மா நீங்க என்றார். புண் ஆறினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். பத்து நாளில் புண் ஆறி, தழும்பு கூடத் தெரியாமல் வழுவழுவென்று ஆகிவிட்டது, அந்தப் பெண் அவ்வளவு நேர்த்தியாக எடுத்திருக்கிறாள். அவர் இன்றுவரை என்னைக் கண்டுபிடிக்கவில்லை. காலையில் சாப்பிட்டதை மதியம் மறக்கிற மனிதர் இந்த ஒன்றை மட்டும் மறக்கவில்லை, என் வீட்டுக்காரி மரு எடுக்க டாக்டர்கிட்ட போயிருக்கா, இன்னும் வரல என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார்.

என்னை நர்ஸ் என்று முடிவு செய்துவிட்டார். சிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார். முப்பத்தெட்டு வருஷமாக இந்தா, இங்க பாரு என்று கூப்பிட்ட மனிதர், சிஸ்டர் நீங்க சாப்டீங்களா என்கிறார். மரியாதைக்கு ஒன்றும் குறைவில்லை போ! ஆனால் குளிப்பாட்ட விடுவதில்லை, ஆம்பளை ஆள் யாரும் இல்லையா, எங்க வீட்ல தெரிஞ்சா தப்பா நினைப்பா என்கிறார், அதனால் மாடி வீட்டு அக்காவின் வீட்டுக்காரர்தான் ஒருநாள் விட்டு ஒருநாள் இறங்கி வந்து குளிக்க வைக்கிறார். அறைக்குள் நான் படுக்கப் போனால் கதவைச் சாத்திக்கொள்கிறார், நான் கூடத்தில் பாய் போட்டுக்கொள்கிறேன். இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிற மாதிரித்தான் இருக்கிறது, ஆனால் சிரிக்கவில்லை. நீ ஃபோனில் அப்பாவைக் கேட்டபோது ஒரு முறை கொடுத்தேனே, அம்மாகிட்ட குடுங்க என்று நீ சொன்னதும் அவர் அம்மா வெளிய போயிருக்காம்மா என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தார், நான் பிடுங்கி வைத்துவிட்டேன், சிக்னல் போய்விட்டது என்று உனக்குப் பொய் சொன்னேன்.

நான் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன், நீயாவது சிரி. கிழிந்த புத்தகம் ஒட்டுகிற பசையை இங்கே நூலகத்திலேயே காயவைத்து, மிளகு அளவு உருண்டை பிடித்து, அதே இடத்தில் ஒட்டிக்கொண்டு போனேன். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, முதல் முதலாக உன் அப்பா பெண் பார்க்க வந்தபோது கூட அப்படி அடிக்கவில்லை. குனிந்தேன். உருட்டிப் பார்த்தார், ஒரே இழுப்பில் கையோடு வந்துவிட்டது. பாலியஸ்டரைக் காட்டி பருத்தின்னு சொல்றீங்களே சிஸ்டர், என்கிட்டயேவா என்றார். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். பிறகு தோல் டாக்டரிடமே திரும்பப் போனேன், அந்த மருவை மறுபடி வர வைக்க முடியுமா என்று கேட்டேன். அவள் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி என்னைப் பார்த்தாள். எல்லாரும் திரும்ப வராம இருக்கணும்னு கேப்பாங்கம்மா, நீங்கதான் வரணும்னு கேக்கறீங்க என்றாள். விஷயத்தைச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எடுத்த இடத்திலேயே வருவது அபூர்வம், பக்கத்தில் புதிதாக வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம், நம் கையில் இல்லை என்றாள். உரசினால் வரும் என்று அவள் முன்பு சொன்னதுதான் என் மண்டையில் நின்றது. ஒரு மாதம் அந்த அடையாள அட்டை நாடாவை வீட்டிலும் கழற்றாமல், சமைக்கும்போதும் துவைக்கும்போதும் மாட்டிக்கொண்டே இருந்தேன். தோல் சிவந்து புண்ணானதுதான் மிச்சம். ஞாபக டாக்டரிடமும் கேட்டேன், வேறு ஏதாவது அடையாளம் பழக்குங்கள், அதே சோப்பு, அதே வளையல் என்று, ஆனால் பிடிவாதம் வேண்டாம், நான்தான் நான்தான் என்று வாதாடினால் அவர் மிரண்டுபோவார் என்றார். அதனால் இப்போது நான் வாதாடுவதில்லை.

இன்னொன்றையும் உன்னிடம் சொல்லாமல் எனக்கு ஆறாது. உன்னோடு முடிந்துவிடக் கூடாது என்று பெற்று, ஒன்பதாம் நாள் போய்விட்டானே உன் தம்பி, அவனைக் கொண்டுபோய் விட்டு வந்த மறுநாளே அப்பா கடைக்குப் போய்விட்டார். அதை நான் மன்னிக்கவே இல்லை, குட்டி. கல்லு மனசு என்று நினைத்தேன், நினைத்ததைச் சொல்லாமலேயே இத்தனை வருஷம் அவருக்குச் சோறு போட்டேன். போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மாத்திரை கொடுக்கும்போது, அவராகவே, என் வீட்டுக்காரிக்குத் தெரியாத ஒண்ணு சொல்லட்டுமா சிஸ்டர் என்றார். அன்றைக்குக் கடையில் துணி மாற்றிப் பார்க்கிற அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, சட்டைக் கழுத்துப்பட்டையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாராம், ஒரு நாள் இல்லை, ஒரு மாதம், தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில். அவகிட்ட சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். அவ அழுதா நான் தாங்க மாட்டேன் சிஸ்டர், அதான் வீட்ல கல்லு மாதிரி இருந்துட்டேன், அவ வந்ததும் நீங்க சொல்லிடாதீங்க என்றார். சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்தேன். அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது, கட்டிக்கொண்டால் அலறுவார். தண்ணீர் டம்ளரைக் கழுவப் போய்விட்டேன்.

இனி உன் விஷயம். நூல் கட்டாதே, சீழ் பிடிக்கும். அந்தச் சொட்டு மருந்து நல்ல தோலையும் பொசுக்கிவிடுமாம், தொடாதே. முறையாகத் தோல் டாக்டரிடம் காட்டு, உறுத்தினால் எடுத்துக்கொள், உறுத்தாவிட்டால் அது பாட்டுக்கு இருக்கட்டும். அப்பா வழியில் சர்க்கரை இருக்கிறது, வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடு, தட்டிக் கழிக்காதே. பால் குடிக்கும்போது குழந்தை அதைப் பிடித்துத் திருகிக்கொண்டே தூங்குகிறாள், நகம் படுகிறது, எரிகிறது என்று சொன்னாயே. எடுப்பதென்றால் உடனே எடுக்காதே. அதற்கு முன்னால் கொஞ்ச நாள் அவள் விரலை எடுத்து உன் காதில் வை, மூக்கில் வை, உன் மோவாயில் வை. அவளுக்கு உன்னில் பிடித்துக்கொள்ள இன்னும் நாலு இடம் பழகட்டும். டாக்டர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

உன்னால்தான் என்று மட்டும் நினைக்காதே. நீ சொல்லாவிட்டாலும் ரத்தத்தைப் பார்த்து நானே போயிருப்பேன். டிக்கெட் போடாதே, குழந்தைக்கு ஒரு வயசாவது ஆகட்டும். வரும்போது அப்பாவிடம் இதுதான் அம்மா என்று என்னைக் காட்டி நிரூபிக்கக் கிளம்பாதே, பக்கத்தில் உட்கார்ந்து அவர் பேசுவதைக் கேள், போதும்.

சனிக்கிழமை, வீட்டில்.

நேற்று மணி அடித்துவிட்டது, பாதியில் மடித்து வைத்தேன். இப்போது சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து முடிக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் ஒருவருக்கொருவர் வாய் விட்டுப் பேசி, மனதில் ஒன்றும் தேக்கி வைக்காமல், பிள்ளையும் நீங்களுமாக நிறைவாக வாழ வேண்டும். பேத்திக்கு என் முத்தம், அவள் உள்ளங்காலில் கொடு. ரத்தப் பரிசோதனை மறக்காதே, இரண்டாவது தடவை சொல்கிறேன். இத்தோடு முடித்துவிடலாம் என்றுதான் பேனாவை மூடினேன், அப்பா காகிதச் சத்தம் கேட்டு, யாருக்கு சிஸ்டர் லெட்டர் என்றார். உங்க பொண்ணுக்கு என்றேன். முகம் மலர்ந்து போய் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அப்போ நானும் ரெண்டு வரி சொல்றேன், அப்படியே எழுதுங்க, ஒரு எழுத்து மாத்தக் கூடாது என்றார். அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

அம்மாடி, அப்பா நல்லா இருக்கேன். இங்க ஒரு சிஸ்டர் இருக்காங்க, நல்ல மாதிரி, கை பதமா இருக்கு. அம்மா டாக்டர்கிட்ட போயிருக்கா, சின்ன விஷயம்தான், பயப்பட ஒண்ணும் இல்லை. அவ ஒருத்தி இல்லாம வீடு வீடா இல்லை, நான்தான் அவகிட்ட ஒரு நாளும் சொன்னதில்லை. வந்ததும் முதல் வேலையா உனக்கு லெட்டர் எழுதச் சொல்றேன்.

எழுதிட்டீங்களா, படிச்சுக் காட்டுங்க என்றார். படித்துக் காட்டினேன்.

இப்படிக்கு,
உன் அம்மா